ஆலங்கொல்லைக்கு வந்த எட்டடி போர்டு

கண்ணாயிரத்துக்குக் கழுத்து இடப்பக்கம் திரும்புவதில்லை. அந்தப் பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால், மாட்டுவண்டி திரும்புவதுபோல் முழு உடம்போடுதான் திரும்புவான். வலத்தோளில் தண்ணீர்க் காவடிக்கழி அழுத்தும் இடம் முதலில் சிவந்தது, பிறகு கறுத்தது, இப்போது தோல் தடித்துச் செருப்பின் அடிபோல் ஆகிவிட்டது. தோலில் வலி போய்விட்டது. அதற்கடியில், எலும்பும் எலும்பும் சேரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

"இந்தத் தோள வச்சிக்கினு இன்னும் எத்தினி நாளு ஓட்டுவ?" என்றாள் அவன் மனைவி திரௌபதி, வெந்நீரில் முக்கிய துணியைப் பிழிந்து ஒத்தியபடி.

"பம்பு ஓடற வரிக்கும்."

"அப்ப செத்தும் சொமப்ப."

ஆலங்கொல்லையில் பம்பு ஓட்டுகிறவனுக்குக் காசாகச் சம்பளம் கிடையாது. சாமை அறுப்பு முடிந்ததும் வீட்டுக்கு ஒரு வள்ளம் சாமை அளப்பார்கள். வருசம் முழுக்க அவன் சுவிட்சைப் போட வேண்டும், நிறுத்த வேண்டும், தொட்டி நிரம்பி வழியாமல் பார்க்க வேண்டும். போன அறுப்பில் அளந்த சாமையைக் கண்ணாயிரமும் திரௌபதியும் தின்று செரித்துவிட்டார்கள். ஆவணி மாசத்தில் பம்பு நின்றது. ஊர் கூடியது. கண்ணாயிரத்துக்கு மச்சான் முறையாகிற ராஜாக்கண்ணுதான் பேசினான்.

"மச்சான், நாங்க அளந்தது தண்ணிக்கி. பம்புக்கு இல்ல. அது ஓடுதோ ஒக்காந்துக்கினு கீதோ, எங்க வூட்டுக் குடம் ரொம்பணும்."

பேச்சில் ஓட்டை இல்லை. கண்ணாயிரம் எதிர்ப்பக்கம் இருந்திருந்தால் அவனும் அதையேதான் பேசியிருப்பான். மறுநாளிலிருந்து பள்ளத்து ஊற்றில் மொண்டு, காவடியில் இரண்டு குடமாகக் கட்டி, வழுக்குப் பாதையில் ஏறி, சாமை அளந்த ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஊற்றிவிட்டு வந்தான்.

பம்பு நின்றதற்குக் காரணம் ஒரு பல்லி. அரசுத் திட்டத்தில் வந்த, சூரிய ஒளியில் ஓடும் பம்பு அது. அதன் பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் பச்சையாக ஒரு போர்டு இருக்கும். குளிருக்கு ஒதுங்கிய பல்லி அதன்மேல் படுத்தது. பல்லியும் கருகியது, போர்டும் கருகியது. கீழே ஜமுனாமரத்தூரிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள், 'உயிரினத் தலையீட்டால் நேர்ந்த மின்னணு இழப்பு' என்று எழுதினார்கள், பெட்டியைப் பூட்டி அரக்கு சீல் வைத்தார்கள். பல்லியையாவது எடுத்துப் போடட்டுமா என்று கண்ணாயிரம் கேட்டான். பல்லி சாட்சி, தொடக்கூடாது என்றார்கள். நாற்றம் ஒரு வாரம் இருந்தது.

ஆலங்காயம் வழியாக பஸ் பிடித்து வாணியம்பாடிக்குப் போனான். அந்தப் போர்டை முதலில் வரைந்து அடித்துக் கொடுத்த ஃபரூக்குக்கு அங்கே கடை. தோல் பதனிடும் ஷெட்டுகளில் சுழலும் பெரிய பீப்பாய் மோட்டார்களுக்குப் போர்டு செய்கிறவர். கண்ணாயிரம் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"போர்டு ஒரு மேட்டரே இல்லண்ணா. ஒரு வாரத்துல அடிச்சுத் தந்துடுவேன். காசு கூட அப்புறமா குடு. ஆனா சீல நீ ஒடைச்சின்னு வையி, ஸ்கீம் ஆளுங்க வந்து பேனலையே கழட்டிக்கினு போய்டுவாங்க. அந்தப் பக்கத்து மலையில ஒரு ஊருல அப்டிதான் ஆச்சு."

"அப்ப இன்னா பாய் பண்றது?"

"இப்பல்லாம் சட்டம் மாறிப்போச்சு. நான் என் கம்ப்யூட்டர்ல ஒரு சாஃப்ட்வேர்ல வரைஞ்சேன். அவங்க ஆபீஸ்ல வேற சாஃப்ட்வேர். என்னுது அதுல தொறக்காது. அவங்க அதுக்கு மாத்திக்கினு, அதுலேர்ந்து அடிச்ச போர்டுதான் செல்லும்." ஒரு பென் டிரைவை எடுத்துக் கையில் வைத்தார். "ஒண்ணே ஒண்ணு சொல்லிடு. இதுல நூறுன்னு ஒரு நம்பர் வரும், போர்டோட நீளம். அது மில்லிமீட்டர். அங்குலம் இல்ல. மறந்துடாத."

பஸ் மலையேறும்வரை கண்ணாயிரம் வாய்க்குள் அதையே சொல்லிக்கொண்டு வந்தான். மில்லிமீட்டர், அங்குலம் இல்ல. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மந்திரம் என்று நினைத்து நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஜமுனாமரத்தூரில் அந்த ஆபீஸுக்குப் பெயர் 'மலைப்பகுதி மின்சுற்று வடிவ உருமாற்ற ஒருங்கிணைப்பு மையம்'. முன்சுவரில் எழுத இடம் போதாமல், 'ஒருங்கிணைப்பு' மூலை திரும்பிப் பக்கச்சுவருக்குப் போயிருந்தது. 'மையம்' அதற்கும் அப்பால், கழிவறைக் கதவுக்கு மேலே இருந்தது. இணை இயக்குநர் வெற்றிச்செல்வன் உள்ளே இருந்தார். கண்ணாயிரத்தை நிற்கவைத்தே விளக்கம் சொன்னார்.

"உலகத்துல மின்சுற்று வரைய எத்தனையோ மென்பொருள் இருக்கு. ஒண்ணு வரைஞ்சத இன்னொண்ணு படிக்காது. புருசன் எழுதின கடுதாசிய பொண்டாட்டி படிக்க முடியல, அந்த மாதிரி. நடுவுல நாங்க இருக்கோம். நாங்க ஒரு பாலம்."

"தண்ணி எப்பங்க வரும்?"

"தண்ணி வேற துறை."

கணினி முன்னால் இருந்த கோகிலவாணி பென் டிரைவை வாங்கிச் செருகினாள். அவள் ஒப்பந்த ஊழியர். ஆறு மாதமாகச் சம்பளம் வராததால் யாரிடமும் கோபப்படும் தெம்பு அவளுக்கு இல்லை.

"அம்மா, ஒண்ணு சொல்லணும்ங்க. நூறுன்னு வர்றது மில்லிமீட்டராம். அங்குலம் இல்லியாம்."

கோகிலவாணி திரையைப் பார்த்தாள். "சார், நம்மளது அங்குலத்துல செட் ஆகியிருக்கு. மாத்தட்டுமா?"

"எப்படி மாத்துவ? பயிற்சி குடுக்க வந்தவர் அங்குலத்துல வச்சிட்டுப் போனாரு. மாத்தற பாஸ்வேர்டு அவருகிட்ட இருக்கு. அவரு ரிட்டயர் ஆயிட்டாரு."

"அப்ப நூறு அங்குலம்னு ஆயிடும் சார்."

"கோப்புல என்ன இருக்கு?"

"நூறுன்னு இருக்கு."

"நம்ம திரையில என்ன வருது?"

"நூறுன்னுதான் வருது."

"அப்புறம் என்ன? ஒரு எழுத்து மாறாம வந்திருக்கு. இதுக்குப் பேர்தான் துல்லியம்." கண்ணாயிரத்தின் பக்கம் திரும்பினார். "வாய்மொழியா நீங்க சொல்றதை நாங்க எடுத்துக்க முடியாது. நாளைக்கு ஒருத்தர் வந்து மைல்னு சொல்வாரு."

கண்ணாயிரம் கையை விரித்துக் காட்டினான். "போர்டே இம்மாந்தான்ங்க. ஒரு சாணுக்கும் கொறவு."

"சாண் இந்த மென்பொருள்ல இல்ல," என்றார் வெற்றிச்செல்வன், வருத்தத்தோடு.

அடுத்த முறை போனபோது உருமாற்றம் முடிந்திருந்தது. போர்டில் இருக்க வேண்டிய கோடுகளில் நூற்றுக்கு எழுபதுதான் வந்திருந்தன. மிச்சக் கோடுகள் வரும் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டன. கோகிலவாணி அதைச் சொன்னாள்.

"எழுபது மார்க்கா?" வெற்றிச்செல்வனின் முகம் மலர்ந்தது. "முப்பத்தஞ்சு எடுத்தாலே பாஸ். இது முதல் வகுப்பு."

"மின்சாரம் அந்தக் கோட்டு மேலதாங்க போவணும்," என்றான் கண்ணாயிரம். ஃபரூக் போனில் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

"இருக்கற கோட்டுல போவட்டும்."

கோகிலவாணி யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்து, பழைய படத்தைப் பார்த்து விட்டுப்போன கோடுகளைக் கையால் வரைந்து சேர்த்தாள். அதற்குள் சென்னைத் தலைமையகம் தங்களுடைய மூன்றாவது மென்பொருளுக்கு மாற்றி அனுப்பச் சொல்லிவிட்டது. அங்கே போய்த் திரும்பியபோது படம் இடம் வலமாகப் புரண்டிருந்தது. எழுத்தெல்லாம் ஆம்புலன்சின் நெற்றியில் இருப்பதுபோல் தெரிந்தது. வெற்றிச்செல்வன் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு மையத்துக்கு ஆளுயரக் கண்ணாடி வாங்க ஒப்புதல் கேட்டு எழுதினார். கண்ணாடி வந்தது. அதில் பார்த்தால் படம் சரியாக இருந்தது. வெற்றிச்செல்வனும் சரியாக இருந்தார். தலையை வாரிக்கொண்டார்.

இப்படியே ஐப்பசி வந்துவிட்டது. மழை பிடித்துக்கொண்டது. ஊற்றுப்பாதை சேறானது. கண்ணாயிரம் இரண்டு முறை விழுந்தான். குடம் நசுங்கிய வீட்டுக்காரி குடத்துக்கு அழுதாள், அவனுக்கு அழவில்லை. ஊரில் புதுசாக ஒரு பேச்சு கிளம்பியிருந்தது: இந்த அறுப்போடு பம்பு வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம். வேலை போனால் சாமை இல்லை. சாமை இல்லாவிட்டால் திரௌபதியும் அவனும் அடுத்த வருசம் முழுக்க எதைத் தின்பது என்று தெரியவில்லை.

அப்போதுதான் மையத்திலிருந்து அழைப்பு வந்தது. வெள்ளைச் சட்டை போட்டு வரவேண்டும்.

கண்ணாயிரத்தின் போர்டுதான் மையம் மாற்றிய ஆயிரமாவது வடிவமாம். பந்தல், குத்துவிளக்கு, நாதஸ்வரம் எல்லாம் இருந்தன. கண்ணாயிரத்தை மேடையில் உட்காரவைத்து, ஈரச் சாமந்தி மாலையைச் சரியாக அந்த வலத்தோளில் விழும்படி போட்டார்கள். அவனுக்குக் கண்ணில் நீர் வந்தது. கேமராக்காரர் அதை நெருங்கி வந்து எடுத்தார்.

வெற்றிச்செல்வன் மைக்கைப் பிடித்தார்.

"இந்த மையம் தொடங்கும்போது சிலர் கேட்டார்கள், மலையில் இது எதற்கு என்று. இன்று ஆயிரம் வடிவங்களை மாற்றியிருக்கிறோம். மாற்றியதைத் திரும்பவும் மாற்றியிருக்கிறோம். பழைய வடிவத்துக்கே கொண்டுவந்தும் காட்டியிருக்கிறோம். இத்தனை ஆண்டுகளில் எங்கள் வடிவத்தால் ஒரு கருவி கெட்டுப்போனதாக ஒரே ஒரு புகார் உண்டா? கிடையாது! ஏனென்றால் இதுவரை ஒன்றுகூடப் பலகையாகச் செய்யப்படவில்லை. அந்த அளவுக்கு நாங்கள் எச்சரிக்கையாக இருந்திருக்கிறோம். ஆனால் இந்த ஆயிரமாவது வடிவம் மட்டும், விழாவை முன்னிட்டு, பலகையாகவே செய்யப்படும்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இறங்கும்போது கோகிலவாணி கண்ணாயிரத்திடம் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணே, அங்குலம்னுதான் போயிருக்கு. ரெண்டு தடவ எழுதி வச்சேன். அளவு பெருசா இருந்தா எஸ்டிமேட்டும் பெருசா இருக்கும், விடுன்னுட்டாரு சார்."

கார்த்திகையில் லாரி வந்தது. தார் ரோடு முடிகிற இடத்தில் நின்றது. அங்கிருந்து ஆலங்கொல்லைக்கு நடைபாதைதான். பச்சை நிறத்தில், எட்டடிக்கு மேல் நீளம், ஆறடிக்கு மேல் அகலம். அவ்வளவு பெரிய தகடு எங்கும் கிடைக்காததால் பல துண்டுகளை ஒட்டி, பின்பக்கம் இரும்புச் சட்டம் அடித்திருந்தார்கள். ஈர்க்குச்சி கனத்தில் ஓட வேண்டிய செம்புக்கோடுகள் இடுப்பு வார் அகலத்துக்கு ஓடின. பாகங்களின் கால்கள் நுழைய வேண்டிய ஓட்டைகளில் கட்டைவிரல் நுழைந்தது.

"டேபிள் டென்னிஸ் ஆடற பலகைதான இது? ஸ்கூலு எங்க கீது?" என்றார் லாரிக்காரர்.

கண்ணாயிரம் வெற்றிச்செல்வனுக்குப் போன் போட்டான்.

"சார், போர்டு ரொம்பப் பெரிசா வந்துட்டுதுங்க."

"நல்லதுதானே."

"பெட்டிக்குள்ள போவாதுங்க. பம்பு ரூமு கதவுலயே போவாது."

"அதை நீங்க முடிவு பண்ணக்கூடாது. முதல்ல எடுத்துட்டுப் போய் பம்பு அறை முன்னால வச்சு, நீங்க பக்கத்துல சிரிச்சாப்புல நின்னு போட்டோ அனுப்புங்க. போட்டோ வந்தாத்தான் சீல் உடைக்க ஆணை. சீல் உடைச்சாத்தான் உள்ள போகுதா போகலையான்னு தெரியும்."

சீல் உடைக்க ஆணை. கண்ணாயிரத்துக்கு அந்த வார்த்தை மட்டும் காதில் தங்கியது. சீல் உடைந்தால் போதும். ஃபரூக் உள்ளங்கை அகலப் போர்டைச் செய்து, துணியில் சுற்றி எப்போதோ கொடுத்தனுப்பிவிட்டார். அது அரிசிப் பானைக்குள் பத்திரமாக இருக்கிறது. இந்தப் பெரிய சனியனைப் படத்துக்கு நிறுத்திவிட்டு, பெட்டி திறந்ததும் சின்னதை மாட்டிவிட்டால் அன்றைக்கே தண்ணீர்.

ஆனால் தூக்க ஆள் வேண்டும். மலையில் அறுப்புக் காலத்தில் கூலிக்கு ஆள் வராது. சாமை முற்றி நிற்கும்போது காசை வைத்துக்கொண்டு என்ன செய்ய? இன்றைக்கு நீ எனக்கு ஒரு நாள் வந்தால், என் நாளை உன் கொல்லையில் நான் அறுத்துக் கழிப்பேன். மாத்தாள் என்று அதற்குப் பெயர். கண்ணாயிரம் மாத்தாள் சொன்னான். ராஜாக்கண்ணுவோடு சேர்த்து எட்டுப் பேர் வந்தார்கள்.

ராஜாக்கண்ணு பலகையைச் சுற்றி வந்தான். "மச்சான், இது யாருக்குப் பாடை? அளவு பாத்தா ஆனைக்கு மாதிரி கீதே."

"தூக்குடா மச்சான். வாய அப்பறம் தூக்கு."

"கோவிந்தா போடணுமா, சும்மா தூக்கணுமா?"

தூக்கினார்கள். பாதையில் எட்டுப் பேர் அகலத்துக்கு இடமில்லை. சரித்துப் பிடித்தால் மூங்கில் புதரில் மாட்டியது. படுக்கவைத்தால் மழைத்தண்ணீர் மேலே குளம் கட்டி, கட்டைவிரல் ஓட்டைகள் வழியாக எல்லார் தலையிலும் ஒழுகியது. "தோ பாரு, போர்டு வேல செய்யுது, தண்ணி வருதே!" என்றான் ராஜாக்கண்ணு. சிரித்தார்கள். கண்ணாயிரமும் சிரித்தான். சிரித்த வேகத்தில் கால் வழுக்கியது. சட்டத்தின் முனை அவன் வலத்தோள்மேல் இறங்கியது. காய்ந்த குச்சி ஒடிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. மூங்கில் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள்.

பம்பு அறை முன்னால் பலகையை நிறுத்தினார்கள். அறையே மறைந்துவிட்டது. லாரியில் கூடவே வந்த பொட்டலத்தில் பாகங்கள் இருந்தன. அவை மட்டும் சரியான அளவில், மிளகு கனத்திலும் புளியங்கொட்டை கனத்திலும் இருந்தன. ராஜாக்கண்ணு ஒன்றை எடுத்து ஓட்டையில் வைத்தான். அது மறுபக்கம் புல்லில் விழுந்தது. இன்னொன்றை வைத்தான். அதுவும் விழுந்தது.

தோளைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, கண்ணாயிரம் படத்துக்குச் சிரித்தான். திரௌபதிதான் போனில் எடுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் சிரிய்யா. அழுவற மாதிரி கீது."

"இதுக்கு மேல வராதுடி."

படம் போனது. இரண்டு நாள் கழித்து ஆணையும் வந்தது. கண்ணாயிரம் கையைக் கழுத்தோடு துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்ததால், திரௌபதிதான் பிரித்துப் படித்தாள். ஆலங்கொல்லை பம்புக்கான சுற்றுப்பலகை பயனாளியின் மகிழ்ச்சியோடு நிறுவப்பட்டது. பம்பு பயன்பாட்டில் உள்ளது. பாகங்கள் போதிய வளர்ச்சி பெறாதவையாக இருப்பதால், பலகையின் தரத்துக்கு ஏற்ற பெரிய பாகங்களுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரப்படும்.

"சீலு?" என்றான் கண்ணாயிரம்.

திரௌபதி தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

போன் போட்டார்கள். இந்தத் தடவை திரௌபதி பேசினாள்.

"ஐயா, சீல ஒடைக்க ஆர்டர் வரலிங்களே."

"எதுக்கும்மா சீலை உடைக்கணும்?"

"பம்பு ஓடலிங்களே. பொட்டி தொறந்தாதான..."

"பம்பு ஓடுதுன்னு உங்க வீட்டுக்காரரே பக்கத்துல நின்னு சிரிச்சிருக்காரு. ஓடற பம்பு பெட்டியை எதுக்கும்மா தொறக்கணும்? தொறந்தா அரசுச் சொத்தை சேதப்படுத்தினதா ஆகும்."

"ஓடலிங்க ஐயா. நாங்க ஊத்துத் தண்ணி தூக்கறோம்ங்க."

"ஓடற பம்பு இருக்கும்போது ஊற்றுத் தண்ணி தூக்கறது உங்க விருப்பம்மா. அதுல துறை தலையிடாது."

ஃபரூக்குக்கும் போன் போட்டார்கள். அவர் ஆணையை முழுசாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "இனிமே என் போர்ட மாட்டினா, ஓடறத கழட்டிட்டு கள்ள போர்டு மாட்டினதா கேஸ் ஆயிடும்ணா. என் கடையையும் இழுப்பாங்க. எனக்குப் பசங்க கீறாங்க," என்றார். சின்ன போர்டு அரிசிப் பானைக்குள்ளேயே கிடந்தது.

தண்ணீர் சுமப்பது திரௌபதிக்கு வந்தது. அவள் காவடி தூக்கவில்லை. தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குடம் வைத்து ஏறினாள்.

அறுப்பு தொடங்கியது. முதல் கொல்லை ராஜாக்கண்ணுவுடையது. மாத்தாள் கழிக்கிற நாள். கண்ணாயிரம் வரப்புவரை போனான். இடக்கையில் அரிவாளைப் பிடித்து இரண்டு தாள் அறுத்துப் பார்த்தான். மூன்றாவதில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. உட்கார்ந்துவிட்டான். திரௌபதி வந்து அரிவாளை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வரிசையில் இறங்கினாள். விடியும் முன்பே ஊற்றுக்கு நடந்து எல்லா வீட்டுக்கும் ஊற்றிவிட்டு வந்த உடம்பு அது. ஆண்கள் வரிசைக்கு நடுவில் நின்று, பொழுது சாயும்வரை நிமிராமல் அறுத்தாள். அவள் கட்டிய கட்டும் பக்கத்து ஆள் கட்டிய கட்டும் ஒரே பருமன்.

வேலை முடிந்து எல்லாரும் கால் கழுவப் போகும்போது ராஜாக்கண்ணு கிட்டே வந்தான். கண்ணாயிரத்தைப் பார்க்காமல் சாமைக் கட்டைப் பார்த்துப் பேசினான்.

"மச்சான், பொம்பள ஆளு ஒரு நாளுன்னா ஆம்பளக் கணக்குக்கு அரை நாளு. நான் வச்சது இல்ல, ஊரு வச்சது."

"ஏண்ணா," என்றாள் திரௌபதி, "என் கட்டு சின்னதா இருந்துச்சா?"

"கட்டு ஒண்ணுதான் தங்கச்சி. கணக்கு வேற."

திரௌபதி அரிவாளைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நிமிர்ந்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் அப்படியே நின்றாள்.

ராஜாக்கண்ணுவுக்கு அரை நாள் பாக்கி. மற்ற ஏழு பேருக்கும் ஆளுக்கு ஒரு நாள் பாக்கி.